பட்டை கைவினைப் பெட்டி: குச்சிகளுக்காக வாங்கலாம், தூளைச் சமையலுக்குத் தொட வேண்டாம்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெருங்கினாலே இணையக் கடைகளில் பட்டை, அதாவது சமையலில் போடுகிற இலவங்கப்பட்டையை வைத்து அலங்காரப் பொருட்கள் செய்கிற கைவினைப் பெட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அதில் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். விற்பவரின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் ஏறத்தாழ இதே பொருட்களைப் பலர் விற்கிறார்கள், நான் சொல்லப்போவது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலங்காரத்துக்கு என்றால் இது நல்ல பெட்டி, குச்சிகள் அருமை, தூளைப் பிசைந்து செய்து கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுகிற தொங்கல்கள் மனசுக்கு நிறைவாக வருகின்றன. ஆனால் அதே தூளை வைத்துச் சாப்பிடுகிற பரிசும் செய்யலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்களே, அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன், குறைத்த ஒன்றரையில் பெரும்பங்கு அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பெட்டியைத் திறந்ததும் வருகிற வாசனை தூக்கலாக இருக்கிறது, அந்த அறை முழுக்கப் பரவிவிடுகிறது. ஒரு கட்டு குச்சிகள், ஒரு பை தூள், உலர்ந்த ஆரஞ்சு வில்லைகள், கொஞ்சம் அன்னாசிப்பூ, கிராம்பு, சணல் நூல், சிவப்பு ரிப்பன், நட்சத்திரம் இதயம் மரம் என்று மூன்று அச்சுகள், ஒரு பசைக் குழாய், சின்னக் கண்ணாடி ஜாடிகள், விரலளவு எண்ணெய்ப் புட்டி ஒன்று, அப்புறம் படம் போட்ட கையேடு. தூள் பையின் வாய் சரியாக ஒட்டப்படாமல் வந்ததால் ஆரஞ்சு வில்லைகள் மேலெல்லாம் தூள் கொட்டியிருந்தது. எழுதிக் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் வேறு பை அனுப்பினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் குச்சிகள். இவை காசியா வகைப் பட்டை. பெட்டியின் மேல் வெறுமனே பட்டை என்றுதான் இருக்கிறது, எந்த வகை என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். காசியா தடித்த ஒற்றைப் பட்டை, காயும்போது இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு நடுவில் குழலாக நிற்கும், செம்பழுப்பு நிறம், வளைத்தால் வளையாது, உடைக்கவே வலு வேண்டும். இலங்கையில் விளைகிற சிலோன் பட்டை வேறு மாதிரி. இளங்கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உள்பட்டையை மெல்லிய ஏடாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுருட்டிக் காயவைக்கிறார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுருட்டைப் போல ஏடு ஏடாகத் தெரியும், வெளிர் பழுப்பு நிறம், விரலால் நசுக்கினாலே நொறுங்கிவிடும். அல்பா என்கிற உயர்ரகக் குழல்களின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லியது.

அதனால் அலங்காரத்துக்குக் காசியாதான் சரி, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நூல் கொண்டு இறுக்கிக் கட்ட வேண்டும், சின்ன ரம்பத்தால் அறுக்க வேண்டும், மரத்தில் மாட்டினால் கீழே விழுந்தும் உடையாமல் இருக்க வேண்டும். சிலோன் குழலை இந்தப் பாடு படுத்தினால் மேசை முழுக்கச் சில்லுகள்தான் மிஞ்சும். அத்தனை கைவேலைப்பாடு செய்து உரித்துச் சுருட்டிய ஒரு பொருளைப் பசை தடவி மாலையில் ஒட்டுவது எனக்கு மனசுக்கே ஒப்பவில்லை, அதன் இடம் சமையலறை. இலங்கையின் சிலோன் பட்டைக்கு 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்தது. பொட்டலத்தில் சிலோன் என்று தெளிவாக எழுதி விற்பவர்களிடம் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் வந்த குச்சிகள் பெரும்பாலும் விரல் நீளம், நேரானவை, பூஞ்சை வாடை இல்லை. ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முனைகளைச் சணலால் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் தயார், பசையே தேவையில்லை, கட்டு இறுகினால் காலாகாலத்துக்கும் நிற்கும். சின்ன மரம் செய்ய ஒரு நீளமான குச்சியை நடுவில் நிறுத்தி, குறுக்கே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் துண்டுகளைக் கட்ட வேண்டும். நீளக் குச்சி பெட்டியில் இல்லை, அது ஒரு குறைதான், கையேட்டின் அட்டைப்படத்திலேயே அந்த மரத்தைப் போட்டுவிட்டு அதற்கான குச்சியைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கைவினைக் கடைகளில் 25, 30 சென்டிமீட்டர் நீளத்தில் தனியாகவே கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது எல்லாவற்றிலும் எளியதுதான்: மூன்று குச்சி, ஒரு ஆரஞ்சு வில்லை, ஒரு அன்னாசிப்பூ, சேர்த்து ஒரு முடிச்சு. பரிசுப் பொட்டலத்தின் மேல் ரிப்பனுக்குப் பதிலாக இதைக் கட்டிக் கொடுத்தால் வாங்குகிறவர் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே முகர்ந்து பார்க்கிறார், அந்த முகம் மலர்வதைப் பார்க்கவே இன்னொன்று கட்டத் தோன்றுகிறது.

ஆரஞ்சு வில்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் வந்தவை பாதி கருத்துப் போயிருந்தன. வீட்டில் செய்வது இதைவிட நன்றாக இருக்கும்: 5, 6 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, ஓவனில் 95 டிகிரி செல்சியஸ் அளவில் மூன்று நாலு மணி நேரம், நடுநடுவே திருப்பிப் போட்டு. வெளிச்சத்தில் பிடித்தால் நிறக்கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒட்டுகிற பிசுபிசுப்பு இருக்கவே கூடாது.

இனி தூள். இந்தப் பெட்டியின் உயிரே இந்தப் பகுதிதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பட்டைத்தூளையும் ஆப்பிள் கூழையும் பிசைந்து, தட்டி, அச்சில் வெட்டிக் காயவைத்தால் மரம் போல இறுகி, வருஷக்கணக்கில் மணக்கிற தொங்கல் கிடைக்கும். இதில் கோதுமையும் இல்லை, உப்பும் இல்லை. பட்டைத்தூள் ஈரத்தை உறிஞ்சி உப்பிக் கொழகொழப்பாகிற தன்மை உடையது, ஆப்பிளில் கூழை இறுக்குகிற பெக்டின் இருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் பிடிமானம் கொடுக்கின்றன. கையேடு சொல்கிற அளவு ஒரு கப் தூளுக்கு ஒரு கப் கூழ். அது எனக்குத் தளர்வாகப் படுகிறது, கையெல்லாம் ஒட்டுகிறது. ஒரு கப் தூளுக்கு, அதாவது சுமார் 125 கிராமுக்கு, முக்கால் கப் கூழ் என்று ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்ப்பது நல்லது. கூழில் சர்க்கரை சேர்த்திருக்கக் கூடாது, இருந்தால் காய்ந்த பிறகும் ஈரக் காற்றில் கசியும். கூழ் கட்டிகட்டியாக இருந்தால் சல்லடையில் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னத் துண்டு ஆப்பிள் தங்கினாலும் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் வரும்.

பிசைந்த மாவை உடனே தட்டாமல் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். தூள் ஈரத்தை முழுதாகக் குடித்துவிட்ட பிறகு மாவு தானாகவே இறுகி, கையில் ஒட்டாமல் திரண்டு வரும். இந்த ஒரு வரி கையேட்டில் இல்லை, இருந்திருந்தால் நிறையப் பேர் கூழைக் கூட்டிக் குறைத்து அல்லாடாமல் இருப்பார்கள். அப்புறம், கட்டையில் ஒட்டாமல் இருக்க மைதா தூவச் சொல்லியிருக்கிறார்கள், தயவுசெய்து தூவாதீர்கள், காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும், பட்டைத்தூளையே தூவுங்கள், அல்லது இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள்.

கனம் 6 மில்லிமீட்டர். இதைவிட மெல்லியதாகத் தேய்த்தால் ஓரம் சுருண்டு கிண்ணம் போல ஆகிவிடும், இதைவிடத் தடித்தால் வெளிப்புறம் காய்ந்து நடு ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும். ஓட்டையை ஸ்ட்ராவால் போட வேண்டும், ஓரத்திலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஏனென்றால் காயும்போது முழுத் துண்டும் சுருங்கும், ஓரத்தை ஒட்டிப் போட்ட ஓட்டை அங்கேயே பிளந்துகொள்ளும். பெட்டியில் வந்த மூன்று அச்சுகளில் இதயமும் மரமும் நன்றாக வெட்டுகின்றன. நட்சத்திர அச்சின் முனைகள் ரொம்பக் கூர்மை, மாவு உள்ளே சிக்கி முனை பிய்ந்து வருகிறது, அச்சைப் பட்டைத்தூளில் ஒருமுறை தோய்த்துக்கொண்டு வெட்டினால் ஓரளவு சமாளிக்கலாம், இருந்தாலும் முனை மழுங்கிய அச்சைக் கொடுத்திருக்கலாம்.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஓவனில் வைத்தால் 93 டிகிரி செல்சியஸில் இரண்டு இரண்டரை மணி நேரம் போதும். காற்றில் காயவைத்தால் அறையின் ஈரத்தைப் பொறுத்து இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும், கம்பி வலை மேல் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், திருப்பாமல் விட்டால் ஒரு பக்கம் மட்டும் முதலில் காய்ந்து வளைந்துவிடும். எனக்குக் காற்றில் காய்ந்ததுதான் பிடித்தது. பட்டையின் மணத்துக்கு முக்கியக் காரணமான சின்னமால்டிஹைடு ஆவியாகிற பொருள், சூட்டில் அதில் ஒரு பகுதி ஓவனோடு போய்விடுகிறது, செய்கிற அன்று வீடு முழுக்க மணக்கும், உண்மைதான், ஆனால் அந்த மணம் பரிசு வாங்குகிறவரின் வீட்டில் அல்லவா மணக்க வேண்டும். அவசரம் என்றால் ஓவன், நேரம் இருந்தால் காற்று.

காய்ந்த பிறகு ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கடைப்பொருள் போல வழவழப்பாகிவிடும். அடுத்த வருஷம் வாசனை மங்கியிருந்தாலும் இதே வேலைதான், பின்பக்கத்தை இரண்டு இழுப்பு இழுத்தால் உள்ளே இருக்கிற மணம் மறுபடி எழும்பும். வெள்ளைப் பெயின்டால் ஓரத்தில் புள்ளிக்கோலம் போட்டால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பளபளப்புக்காக வார்னிஷ் பூசலாம் என்று கையேடு சொல்கிறது. பூசினால் மணம் வெளியே வர வழி இல்லை, அப்புறம் பட்டையில் செய்வதற்கு என்ன அர்த்தம்?

மாவில் வெள்ளைப் பசை சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், ஒரு கப் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி. உறுதி கூடும், குழந்தைகள் கீழே போட்டாலும் தாங்கும். ஆனால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் இது தின்கிற பொருள் கிடையாது என்பதை ஒவ்வொரு தொங்கலோடும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்டிக் கொடுங்கள், பார்க்க அப்படியே பிஸ்கட் மாதிரி இருக்கிறது, மணமும் தின்னத் தூண்டுகிற மணம், விருந்துக்கு வருகிற சின்னப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

குழந்தைகள் என்றதும் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, தூள் பறக்கும். பட்டைத்தூளில் நார்ச்சத்து அதிகம், அது தண்ணீரில் கரையாது, மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியேறாமல் அழற்சியைக் கிளப்பும். பெரியவர் ஒருவர் தூளையும் கூழையும் கலந்து மாவாக்கிய பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு வெட்ட விடுங்கள், அவர்களுக்குச் சந்தோஷம் வெட்டுவதில்தான். இரண்டாவது, ஈயம். 2023-ல் அமெரிக்காவில் பட்டை கலந்த ஆப்பிள் கூழ்ப் பைகளைச் சாப்பிட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பது தெரிய வந்தது, மூலம் அதில் சேர்த்த பட்டைத்தூள். அதன் பிறகு 2024-ல் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் சந்தையில் விற்ற பல பட்டைத்தூள் பிராண்டுகளைச் சோதித்து, ஈயம் கூடுதலாக இருந்தவற்றை வாங்க வேண்டாம் என்று பெயர் சொல்லி எச்சரித்தது. ஈயத்தைப் பொறுத்தவரை குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. கைவினைக்கு என்று மலிவாக வரும் தூளில் எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, இந்தப் பெட்டியிலும் இல்லை. பிள்ளைகளோடு செய்கிறீர்கள் என்றால் இந்தத் தூளை ஒதுக்கிவிட்டு, சமையலுக்கு நம்பி வாங்குகிற தூளையே மாவுக்கும் பயன்படுத்துங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். கையேட்டின் கடைசிப் பகுதியில் ஜாடிப் பரிசுகள் என்று ஒரு தலைப்பு. பெட்டியில் வந்த தூளையே சர்க்கரையோடு கலந்து ஜாடியில் நிரப்பி, ரிப்பன் கட்டி, ரொட்டியில் தூவிச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார்கள். ஒரே பை தூள், அதில் பாதி மாவுக்கு, பாதி வாய்க்கு! பையின் மேல் உணவுத்தரம் என்ற குறிப்பு இல்லை, தயாரித்த தேதி இல்லை, வகை இல்லை. பரிசு என்பது நம்மை நம்பி ஒருவர் வாங்கிக்கொள்கிற பொருள், நாம் சொல்லாவிட்டால் அவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரிய வழியே இல்லை.

ஈயம் ஒரு பக்கம் இருக்கட்டும், தூய்மையான காசியாவிலேயே கூமரின் என்ற இயற்கைப் பொருள் கணிசமாக இருக்கிறது, அதிகமானால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதையே பட்டையின் கிராம் கணக்காக மாற்றிச் சொன்னது: 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தினமும் அரை கிராம் காசியா, 60 கிலோ பெரியவருக்கு 2 கிராம், அதற்குமேல் வழக்கமாக வேண்டாம். பண்டிகைக் காலத்தில் பட்டை பிஸ்கட் அளவுக்கு மீறி உள்ளே போகும் என்பதால்தான் அங்கே இந்தப் பேச்சே எழுந்தது. லேபிளில் பட்டை என்று குறிப்பிட்டு விற்கும் பாரம்பரியப் பண்டிகைப் பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூமரின் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே இருக்கிறது. எப்போதோ ஒருமுறை சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஜாடிப் பரிசு என்பது காலை உணவு மேசையில் உட்கார்ந்து தினமும் கரண்டி கரண்டியாகப் போகிற பொருள். சிலோன் பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. எனவே வாய்க்குப் போகிற ஜாடிக்குச் சிலோன் தூள், கண்ணுக்கும் மூக்குக்குமான அலங்காரத்துக்குக் காசியா என்று இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். ஒரே பெட்டியில் இரண்டு பை வைத்து, மேலே பெரிய எழுத்தில் பிரித்து எழுதியிருந்தால் இந்த விமர்சனத்தில் இன்னொரு நட்சத்திரம் கூடியிருக்கும்.

ஜாடி யோசனை அழகானது, அதைக் கைவிட வேண்டாம். நாலு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு சிலோன் தூள், இதுதான் அளவு. சுவையும் வேறு. காசியாவில் சின்னமால்டிஹைடின் பங்கு அதிகம் என்பதால் காரமாக, நேராக நாக்கில் ஏறும். சிலோனில் யூஜினால், லினலூல் போன்ற வேறு மணப்பொருட்களும் சேர்ந்து வருவதால் மெல்லிசாக, லேசாகக் கிராம்பு நெடியோடு இருக்கும், சர்க்கரையோடு சேரும்போது அந்த மென்மைதான் எனக்கு வேண்டும். ஜாடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஒரு துளி ஈரம் இருந்தாலும் சர்க்கரை கட்டிதட்டிவிடும்.

இன்னொரு ஜாடியும் உண்டு, கொதிக்கவைத்து வாசனைக்காக மட்டும் பயன்படுத்துவது. இரண்டு குச்சி, ஒரு கை உலர்ந்த ஆரஞ்சு, கொஞ்சம் கிராம்பு, அன்னாசிப்பூ, வேண்டுமானால் ஒரு துண்டு ஜாதிக்காய். வாங்கியவர் இதைத் தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் வைத்தால் வீடே மணக்கும். இதற்குப் பெட்டியில் வந்த காசியாவே போதும். குடிப்பதற்கு அல்ல, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பை எரியவிட்டு வெளியே போகாதீர்கள் என்று மூன்று வரி எழுதி ஜாடியில் ஒட்டிவிடுங்கள். செய்வதற்குச் சில நிமிஷம்தான், ஆனால் நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் இதைவிட நல்ல பரிசு இந்தப் பெட்டியில் இல்லை.

பசைக் குழாய் உபயோகமில்லை. குச்சியின் மேல்தோல் தூசும் சொரசொரப்புமாக இருக்கிறது, அதில் அந்தத் தண்ணிப் பசை பிடிக்கவே மாட்டேன் என்கிறது. பசையைச் சூடாக்கி உருக்கி விடுகிற குளூ கன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அதற்கு முன் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குச்சியைத் தேய்த்துத் தூசியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பசை தூசியோடு ஒட்டிக்கொண்டு குச்சியைக் கைவிட்டுவிடும். கனமான மாலை என்றால் சூட்டுப்பசையை மட்டும் நம்பாமல் மெல்லிய கம்பியும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், வெயில் நேராகப் படுகிற இடத்தில் அந்தப் பசை இளகும். சணல் நூல் நல்ல தரம். ரிப்பன் பளபளப்பான நைலான், பட்டையின் நிறத்தோடு சேரவில்லை, பழைய பருத்தித் துணியைக் கிழித்துக் கட்டினாலே இதைவிட அழகாக இருக்கும்.

மெழுகுவர்த்தியைச் சுற்றிக் குச்சிகளை நெருக்கமாக அடுக்கிக் கட்டுவது கையேட்டில் ஒரு முழுப்பக்கம். பார்க்க அள்ளிக்கொண்டு போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த, எண்ணெய்ச் சத்துள்ள பட்டையைத் தீச்சுடரைச் சுற்றி நிறுத்துகிறோம் என்பதை யோசியுங்கள். கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் குச்சிகளைக் கட்டி, உள்ளே பேட்டரியில் எரிகிற எல்இடி மெழுகுவர்த்தியை வைத்துக் கொடுங்கள், அழகு கொஞ்சமும் குறையாது. நிஜ மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றால் குச்சி சுற்றியதை ஏற்றாமல் காட்சிக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய்ப் புட்டியை நான் பயன்படுத்த மாட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். மாவில் சில சொட்டு விட்டுப் பிசையுங்கள் என்கிறார்கள். செறிவான பட்டை எண்ணெய் தோலில் பட்டால் எரியும், சிலருக்குத் தடித்துச் சிவந்துவிடும், வெறுங்கையால் பிசைகிற மாவில் அதை விடுவது சரியே இல்லை. வீட்டில் பூனை, நாய் இருந்தால் அவற்றுக்கும் அது கேடு. நல்ல தூள் இருந்தால் எண்ணெய் எதற்கு? தூள் குறைவாக இருக்கிறது என்று மைதாவும் உப்பும் சேர்த்துச் செய்கிற இன்னொரு மாவையும் கையேடு சொல்கிறது, சிக்கனம்தான், ஆனால் நாய் வளர்க்கிற வீட்டுக்கு அதைக் கொடுக்காதீர்கள், உப்பு மாவை நாய் தின்றுவிட்டால் உடலில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பதைப் பற்றிக் கையேடு வாயே திறக்கவில்லை. மசாலாப் பொருட்களைத் தின்னும் சின்னஞ்சிறு பழுப்பு வண்டுகள் உண்டு, அவை பட்டையையும் விடாது, ஒரு தொங்கலில் புகுந்தால் பெட்டி முழுக்கப் பரவிவிடும். வாங்கிய குச்சிகளைக் காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் முட்டை, புழு எல்லாம் அழிந்துவிடும், வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். பண்டிகை முடிந்ததும் ஒவ்வொரு தொங்கலையும் காகிதத்தில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பாலிதீனில் சுற்றி ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சை நிச்சயம்.

யார் வாங்கலாம்? முதல்முறை செய்கிறவர்கள், எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் கை ஓடும் என்பவர்கள், பிள்ளைகளோடு ஒரு விடுமுறை நாளைக் கழிக்க நினைப்பவர்கள், இவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், தூளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கைவேலை பழகியவர்களுக்குப் பெட்டி தேவையில்லை. ஒரு கட்டு காசியா குச்சி, நம்பகமான தூள், ஆப்பிள், சணல், ஒரு அச்சு, இவ்வளவுதான் விஷயம், தனித்தனியாக வாங்கினால் ரிப்பனும் பசையும் எண்ணெயும் வீணாகாது. பெட்டியில் வருகிற தூளில் ஒரு கப்புக்குமேல் தேறாது, நடுத்தர அச்சில் வெட்டினால் ஒரு டஜன் தொங்கல் வரும், அதற்குமேல் கொடுக்க ஆள் இருந்தால் எப்படியும் தனியாக வாங்கத்தான் போகிறீர்கள்.

தபாலில் அனுப்புகிற எண்ணம் இருந்தால் நவம்பர் மாதத்திலேயே செய்துவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த தொங்கல் உறைக்குள் வியர்த்துப் பூத்துவிடும், அதனால் முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரு வாரம் திறந்த தட்டில் வைத்திருந்துவிட்டுக் கட்டுவது நல்லது. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் ஒரு தொங்கல், ஒன்றுக்கு ஒரு உறை. ஒரே உறையில் இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டால் போகிற வழியில் ஒன்றோடொன்று உரசி ஓரம் உதிர்ந்துவிடும்.